பதினேழு பி

நான்கு வருடம் காத்த பிறகு ஒரு கடிதம்.
நகராட்சி முத்திரை, வாயிற்கதவின் சாவி,
வருடத்துக்கு நாற்பத்தொரு பவுண்டு.
மூன்று மாதத்துக்குள்
கால் பங்கிலாவது பயிர் தெரிய வேண்டும்.
தெரியாவிட்டால்
பட்டியலில் அடுத்தவருக்கு.

ராதர்ஹாமில், ரயில் பாதைக்கும்
பூட்டிக் கிடக்கும் இரும்பாலைக்கும் நடுவே
நாற்பது துண்டு நிலம்.
எல்லார் மண்ணிலும் கயிறு கட்டிய வரிசை.
பதினேழு பி-யில்
என் உயரத்துக்கு முள்.

பார்சல் கிடங்கில் இரவு வேலை முடித்து
நேராக வந்திருந்தேன்.
கையில் புத்தம்புது மண்வெட்டி,
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.
முதல் வெட்டில் அது
டங் என்றது.

பக்கத்து நிலத்துக் கிளெக்
லீக்ஸ் செடிகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தார்.
காலை வணக்கமெல்லாம் கிடையாது.
"உங்கள் விதைகள் பறந்து வந்து
என் மண்ணில் முளைக்கின்றன" என்றார்.
என் விதைகள்!
சாவி வாங்கிப் பதினைந்து நிமிடம் ஆகவில்லை,
அதற்குள் ஒரு குற்றத்துக்கு வாரிசாகியிருந்தேன்.

கையுறைக்கும் சட்டைக்கும் இடையே
ஒரு விரற்கடைத் தோல்,
காஞ்சொறி அதைக் கண்டுபிடித்தது.
முள்ளை அறுத்தால் முள் திரும்பிப்
பின்னலைப் பிடித்தது.
புல்லின் வேரோ வெள்ளை நூல்,
இழுக்க இழுக்க வரும்,
வந்துகொண்டே இருக்கும்,
பட்டென்று அறும்.
அறுந்த துண்டு ஒவ்வொன்றும் இன்னொரு புல்லாம்.
அருகுபோல் வேரோடி வாழ்கவென
மணமக்களை வாழ்த்துகிறவர்கள்
ஒரு சனிக்கிழமை இங்கே வந்து போகலாம்.

இரண்டாம் வாரம் மழை.
மூன்றாம் வாரம் மழை, முதுகுவலி.
நான்காம் வாரம்
அறுத்த இடமெல்லாம் பச்சையாகச் சிரித்தது.
கடிதத்தை எடுத்து
சாவியைத் திருப்பி அனுப்பும் முகவரியைப் படித்தேன்.

ஐந்தாம் வாரம் மண்வெட்டியில்
மெத்தென்று ஏதோ சிக்கியது.
பயந்துதான் போனேன்.
கம்பளம்.
ஒரு சாண் மண்ணுக்கடியில்
யாரோ ஒருவரின் வரவேற்பறை:
பழுப்பில் ஆரஞ்சு வட்டங்கள்,
சோபாவின் கால்கள் அழுத்திய நான்கு குழிகள்.
மேலே போட்டால் களை சாகும் என்று
எனக்கு முன்னால் இருந்தவர் விரித்திருக்கிறார்.
களை நெசவுக்குள் வேர் விட்டு
அதையும் ஒரு நிலமாக்கிக்கொண்டது.

தனியாக இழுக்க முடியவில்லை.
கிளெக் வேலியைத் தாண்டி வந்தார்,
பேசாமல் மறுமுனையைப் பிடித்தார்.
வீடு காலி செய்கிறவர்கள் போல
இருவரும் அந்தக் கூடத்தைச் சுருட்டினோம்.
"ரே பாம்ஃப்ரட்" என்றார் பாதியில்.
"வருவார். நாற்காலி போட்டு உட்காருவார்.
எதையும் நட்டதில்லை."
பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு,
"எனக்கும் முதல் வருடம் உருளைக்கிழங்கு மட்டும்தான்.
அதையும் நத்தை தின்றது."

அன்றிரவு கிடங்கில்
கிழிந்த அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்து
காரில் ஏற்றினேன்.
மேலாளர் வேறு பக்கம் பார்த்தார்.
விடிந்ததும் நிலம் முழுக்க
யார் யாருடைய முகவரிகளையோ பரப்பிச்
செங்கல் வைத்தேன்.
கம்பளம் செய்யாததை அட்டை செய்யுமா, தெரியாது.
ஒரு கட்டில் அளவு மட்டும் திறந்து விட்டேன்.
அதில் உருளைக்கிழங்கு, பதினொன்று.

கால் பங்கு வராது. அடியால் அளந்து பார்த்தாயிற்று.

பார்வையிட வந்த பெண்
அட்டைகளின் மேல் பூனைபோல் நடந்தாள்.
குறிப்பேட்டில் நெடுநேரம் எழுதினாள்.
மூலையில் நின்றாள்.
முள் இருந்த இடத்தில்
சிவந்த தண்டு, யானைக்காது இலை,
ருபார்ப். நான் நட்டதல்ல.
"இது?" என்றாள்.
வாய் திறந்தேன்.

"பயிர்" என்றார் கிளெக்
வேலிக்கு அப்பாலிருந்து.
அவரை யாரும் கேட்கவில்லை.